ராத்திரிப் பாட்டில்

அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சியிடம் போய், "பிள்ளைக்குப் பால் பாட்டிலை எப்படி நிறுத்துறது?" என்று கேட்டிருந்தால் கேள்வியே அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் வளர்த்த பிள்ளைகளில் ஒன்றுகூடப் பாட்டிலைக் கண்டதில்லை. தாய்ப்பால் போதவில்லையா, பெற்றவளுக்கு உடம்புக்கு முடியவில்லையா, சங்கை எடு என்பாள். ஒரு காலத்தில் நிஜச் சங்காகவே இருந்தது, பிறகு வெண்கலமாகி, வசதியான வீட்டில் வெள்ளியாகி, கடைசியில் எவர்சில்வர் ஆனது. பாலாடை என்றும் சொல்வார்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணத்துக்கு ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆச்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். இரண்டு காலுக்கும் நடுவில் குழந்தை. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சங்கின் மூக்கைக் கடைவாய் ஓரத்தில் வைத்து, ஒரு முழுங்குக்கு ஒரு சாய்ப்பு. விழுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த சாய்ப்பு. அதுவரை யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

சங்கை மறக்கடிக்க வேண்டிய பாடு யாருக்கும் வந்ததில்லை. அதில் சப்புவதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை அதைத் தானே பிடித்துக்கொள்ள முடியாது, வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப்போகவும் முடியாது. ஊற்றுகிற ஆள் எழுந்து போய்விட்டால் சங்கு வெறும் பாத்திரம். பிள்ளையின் ஆசையெல்லாம் மடிமேல்தான் இருந்தது.

பழசை மெச்சுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே சங்கில்தான் அழுகிற வாயைத் திறந்து விளக்கெண்ணெயும் புகட்டினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிய வீடுகளும் உண்டு. புரையேறி, எண்ணெய் நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் கொண்டுவிட்ட கதைகளைக் குழந்தை மருத்துவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கை பக்குவமானவள் பிடித்தால் சங்கு நல்லது, அவசரக்காரி பிடித்தால் வினைதான்.

அன்றைக்கு நிறுத்த வேண்டியிருந்தது தாய்ப்பாலை. அதற்கு ஊரே ஒரு முறை வைத்திருந்தது. வேப்பெண்ணெயைத் தடவுவார்கள், அல்லது வேப்பங்கொழுந்தை அரைத்து அப்புவார்கள். அதற்கும் மசியாத பிள்ளைக்கு நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் வாங்கி உரசிப் பூசுவார்கள். கற்றாழைப் பாலைக் காய்ச்சி உறைய வைத்த கருப்புக் கட்டி அது, கசப்பு ஒரு நாள் முழுக்க நாக்கில் நிற்கும். ஆசையாக ஓடிவந்து வாய் வைத்த பிள்ளை முகத்தைச் சுளித்து, அம்மாவை நிமிர்ந்து பார்த்து அழும். "ச்சீ, கைக்குது பாரு, பூச்சி கடிச்சிட்டு" என்று பக்கத்தில் இருக்கிற அத்தனை பெண்களும் சேர்ந்து சொல்வார்கள். அன்று ராத்திரி பிள்ளைக்குப் படுக்கை அம்மாவிடம் இல்லை. ஆச்சியோ பெரியம்மாவோ தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியிலோ திண்ணையிலோ போட்டுத் தட்டுவார்கள். ஒருத்திக்குக் கை வலித்தால் இன்னொருத்தி. வீம்பு பிடித்த பிள்ளையைத் தாய்மாமன் வீட்டுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு.

அம்மாவுக்கோ பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். அதற்கு மல்லிகைப் பூ. நெருக்கமாகத் தொடுத்த சரத்தை மார்பில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள், வாட வாடப் புதுச் சரம். இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடாமல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 1988-இல் கட்டுரையாகவே எழுதினார்கள். பால் வற்றுவதற்குக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டிருந்தார்கள். ரத்தத்தில் புரோலாக்டின் இரண்டிலுமே குறைந்தது, மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் பால் சுரப்பிலும் மார்பு வீக்கத்திலும் வலி மாத்திரைத் தேவையிலும் பூவும் மாத்திரையும் சமமாகவே நின்றன.

கசப்பு தடவுகிற அந்த நாளைப் பெரும்பாலும் பிள்ளையின் வயசு தீர்மானிக்கவில்லை, அடுத்த கர்ப்பம்தான் தீர்மானித்தது. உண்டானவள் பால் கொடுத்தால் பிள்ளைக்குச் சேராது என்று நம்பிக்கை. ஒன்றரை வயதில் திடீரென்று பால் நின்ற பிள்ளைக்குச் சோற்றுத் தண்ணீரும் கஞ்சியும்தான் கிடைக்கும். காலும் கையும் சூம்பி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு, தம்பிப் பாப்பாவை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். சவலை என்று சொல்லித் தாயத்துக் கட்டிவிடுவார்கள். அதற்குத் தேவையாய் இருந்தது பருப்பும் முட்டையும்.

பால் மறந்த பிள்ளை நேரே டம்ளருக்குப் போனது. நடுவில் எந்தச் சாமானும் இல்லை. முதலில் டம்ளரை எச்சில் வைத்துக் குடிக்கும், பாதி சட்டையில் கொட்டும். கொட்டினால் என்ன, சாணம் மெழுகிய தரை. நாலு வயதுக்குள் அடுத்த பாடம் ஆரம்பமாகிவிடும்: "வாயில வைக்காதே, அண்ணாந்து குடி." மூக்கில் ஏறி, இருமி, கன்னம் நனைந்து, ஒரு நாள் உதடு படாமல் மடக் மடக்கென்று குடித்துக் காட்டும். மார்பில் சப்பிக் குடித்த வாய் அண்ணாந்து குடிக்கிற வாயாகிவிட்டால் பெரிய பிள்ளை ஆயாச்சு. ரப்பரைச் சப்புகிற பருவமே இதில் வரவில்லை.

ரப்பர் வந்தது டவுனிலிருந்து. எங்கள் குடும்பத்தில் மெட்ராஸ் சித்திதான் முதலில் கண்ணாடிப் பாட்டிலோடு வந்து இறங்கியவள். சித்தப்பாவுக்கு பேங்க்கில் உத்தியோகம். பாட்டிலும், மஞ்சள் பழுப்பு நிற நிப்பிளும், நீளமான பிரஷும், கிளாக்ஸோ டின்னும் ஒரு தனிக் கூடையில் வரும். கொழுகொழுவென்ற பிள்ளையைப் பார்த்தால் "கிளாக்ஸோ பேபி மாதிரி இருக்கான்" என்று சொல்வது அப்போது பெரிய பாராட்டு. காலி டின்னுக்கு அடிபிடி; உளுந்து போட்டு வைக்க அதைப் போல வராது. பிற்பாடு அமுல் ஸ்ப்ரே, லாக்டோஜன் எல்லாம் வந்தன. தாய்ப்பால் கொடுப்பது பட்டிக்காட்டு வழக்கம், அளந்து கொடுக்கிற மாவுப்பால் படித்தவர்கள் வழக்கம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. காலண்டர் படங்களே சொல்லிவிட்டன.

சித்தி அடுப்பில் குண்டான் வைத்துப் பாட்டிலைக் கொதிக்கவிடுவதைக் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். அவளைப் பார்த்து வாங்கின வீடுகளில்தான் சங்கடம். விறகு கிடைக்காத வீட்டில் தினம் ஐந்து தடவை யார் கொதிக்க வைப்பது? கழுத்து குறுகிய பாட்டில், அடியில் பால் ஆடை படிந்து புளித்த வாடை அடிக்கும். கிணற்றுத் தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். டின் ஒரு மாதத்துக்கு வர வேண்டுமே என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். நிப்பிளில் பால் வரவில்லை என்று ஊசியை விளக்கில் காட்டிச் சிவக்கவிட்டு ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். பிள்ளைக்குப் பால் ஊற்றாய்க் கொட்டிப் புரையேறும். வயிற்றுப்போக்கு வந்தால் பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. சர்க்கரை கலந்த டின் பாலைப் பச்சைக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்றதைக் கண்டு கொதித்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், 1939-இலேயே சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். உலகம் அசைய நாற்பது வருஷம் ஆயிற்று. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே சாமான்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுகளை விற்பதற்கு நெறிமுறை கொண்டுவந்தது; 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா ஒன்றுதான். இந்தியா 1992-இல் தனிச் சட்டமே போட்டது, மறு ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பால்மாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, பால்மாவு டப்பாவில் குழந்தைப் படம் கூடாது. 2003-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கிளாக்ஸோ பேபி காலண்டரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, இன்று மருந்துக்கடைப் பால்மாவு டப்பாவில் கரடியும் முயலும் சிரிப்பது ஏன் என்று தெரிந்திருக்காது. காரணம் இந்தச் சட்டம்தான்.

எண்பதுகளில் பாட்டில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்போதுகூட அதை நிறுத்துவது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் நிறுத்தவில்லை. மூன்று வயதுப் பையன் டிராயரோடு வாசலில் நின்று, பல்லால் நிப்பிளைக் கடித்துப் பாட்டிலை ஆட்டிக்கொண்டே தெருவை வேடிக்கை பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சமயத்தில்தான் வீட்டுக்குச் சுரணை வரும். உடனே பழைய வேப்பெண்ணெய்ப் புத்தி வேலை செய்யும். காக்கா தூக்கிட்டுப் போயிட்டு, குரங்கு பிடுங்கிட்டு, கிணத்துல விழுந்துட்டு. கொஞ்சம் சாமர்த்தியக்காரர்கள் நிப்பிளின் நுனியைத் தினம் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள். சப்பினால் சுகமில்லை என்று பிள்ளையே தூக்கி எறிந்துவிடும். அறுந்த ரப்பர்த் துண்டு தொண்டைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் பகீரென்கிறது.

இன்றைக்கு முதல் பிறந்த நாள் கேக் வெட்டி முடிப்பதற்குள், தடுப்பூசி போடுகிற டாக்டரே கேட்டுவிடுகிறார்: "பாட்டில் இன்னும் குடுக்கிறீங்களா?" இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பாட்டிலே வேண்டாம், ஆறு மாதம் முடிந்ததும் கிண்ணத்திலும் டம்ளரிலும் பழக்குங்கள் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 12 மாதத்தில் குறைக்க ஆரம்பித்து 18 மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது.

முதல் காரணம் பல். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் வரிசையாகப் பழுப்பேறிச் சொத்தையாகும். 1962-இல் எலியாஸ் ஃபாஸ் என்ற பல் மருத்துவர் இதைப் பாட்டிலோடு முடிச்சுப் போட்டு எழுதினார். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு, வாயில் தேங்கிய பால் கழுவப்படாமல் மேல் பல்லில் நிற்கிறது. கீழ் முன்பற்கள் மட்டும் தப்பித்துவிடும். சப்பும்போது நாக்கு அவற்றின் மேல் படுத்துக்கொண்டு காவல் காக்கிறது. மல்லாந்து படுத்துக் குடித்தால் காது வலி வரவும் வாய்ப்பு அதிகம், தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அந்த வயதில் குட்டையாகவும் படுக்கை வசமாகவும் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது ரத்த சோகைதான். ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் தேறினால் பெரிது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மற்ற சாப்பாட்டின் இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. போதாததற்கு வயிற்றை நிரப்பிவிடும். "சோறே இறங்க மாட்டேங்குது டாக்டர்" என்று கூட்டிக்கொண்டு வருகிற பிள்ளையைத் துருவிக் கேட்டால் ஒரு நாளைக்கு நாலைந்து பாட்டில் பால் குடித்திருக்கும். வயது ஒன்று தாண்டினால் அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். பார்க்கக் கொழுகொழுவென்று, உள்ளே வெளிறிப்போன பிள்ளை. அந்தக் காலத்துச் சவலை ஒட்டி உலர்ந்திருந்தது, இந்தக் காலத்தது புஷ்டியாகத் தெரிகிறது.

இதெல்லாம் என் அண்ணன் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெருங்குடியில் ஏழாவது மாடியில் ஃபிளாட், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பிரசவம் ஆபரேஷன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் இப்போது அப்படித்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அறுத்த வலியோடு படுத்திருப்பவளுக்குப் பால் ஊற முன்னேபின்னே ஆகும், அதற்குள் பாட்டில் நுழைந்துவிடும். அதே ஆய்வில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் இங்கே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

லீவு விஷயத்தில் இவள் கொடுத்து வைத்தவள். என் சித்தி காலத்து 1961 சட்டத்தில் 12 வாரம். 2017-இல் அது 26 வாரமானது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தை காப்பகமும் வைக்க வேண்டும். தமிழக அரசு ஊழியருக்கு 2021-இலிருந்து ஒரு வருஷம். பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார் பாலூட்டும் அறை 2015-இலேயே வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் நின்று சேலை விரித்துப் போடுகிறவளுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் அந்த 26 வாரமெல்லாம் பேப்பரில் படிக்கிற செய்தி. அவள் பிள்ளை கையில் பாட்டில் இருப்பதைப் பார்த்து உபதேசம் செய்ய நமக்கு வாயில்லை.

அண்ணன் மகள் வீட்டுப் பாட்டில் பழைய கண்ணாடிப் பாட்டில் இல்லை. பிபிஏ என்ற ரசாயனம் கலந்த பிளாஸ்டிக்கில் பால் பாட்டில் செய்யக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 2015-இல் சொல்லிவிட்டது. அகல வாய், வாயு ஏறாமலிருக்கத் தனி வால்வு, கொதிக்க வைக்க மின்சாரப் பெட்டி. எல்லாம் சுத்தம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேருக்கும் மீட்டிங். ஒன்றே கால் வயதுப் பிள்ளை சோபாவில் சாய்ந்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, டிவியில் கார்ட்டூன் பார்க்கும். அரை மணி நேரம் ஒரு சத்தம் வராது. ராத்திரி ஒரு மணிக்கு அழுதால் இருட்டில் கை நீட்டிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி தூங்கிவிடலாம். ஆச்சியும் பெரியம்மாவும் முறை போட்டுத் தட்டிக் கொடுத்தார்களே, அந்த வேலையை அங்கே பாட்டில்தான் பார்த்தது. அதைப் பிடுங்கினால் அந்த இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். நெட்டில் கொட்டிக் கிடக்கிற யோசனைகளில் இதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

பகல் பாட்டில்கள் லேசாகப் போயின. மதியப் பால் டம்ளருக்கு மாறியது, சாயங்காலப் பாலுக்குப் பதில் வாழைப்பழமும் இட்லியும். ராத்திரிப் பாட்டில்தான் மல்லுக்கு நின்றது. அவள் பாலில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தாள், கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் என்ற கணக்கு. பாதி வழியில் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. பாட்டிலைக் கட்டிலுக்கு வெளியே வீசிவிட்டு ஒரே அலறல், கீழ் வீட்டுக்காரர்கள் போன் பண்ணிக் கேட்கும் அளவுக்கு.

மறுநாள் வீடியோ காலில் ஊரிலிருந்து மதினி.

"ஏ பிள்ள, கொஞ்சம் வேப்பெண்ணெயத் தொட்டு அந்த ரப்பர்ல தடவி விட்டுரு. ரெண்டு நாள்ல மறந்துருவான்."

"அம்மா, அவனை ஏமாத்தக் கூடாதும்மா. சொல்லித்தான் நிறுத்தணும்."

"ஒண்ணரை வயசு கூட ஆகல, அவன்கிட்ட என்னத்தச் சொல்லுவ?"

"சொன்னாப் புரியும். டம்ளர்ல குடி, பாட்டில் முடிஞ்சு போச்சுன்னு பகல் பூரா சொல்லிட்டே இருக்கேன்."

மதினி என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். நான் அண்ணன் மகள் பக்கம்தான். வேப்பெண்ணெய் தடவிய அம்மாவை நிமிர்ந்து பார்த்த அந்தப் பிள்ளையின் முகத்தை நான் மறக்கவில்லை, அது என் தம்பி. பிள்ளையிடம் நடப்பதைச் சொல்லிச் செய்வது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த நல்ல விஷயம். ஆனால் மதினி சொல்ல வந்ததில் வேப்பெண்ணெய் பாதிதான். மீதிப் பாதி, "இவனை இங்க கொண்டாந்து ரெண்டு நாள் விடு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்பது. அதை ஏழாவது மாடியில் வாங்க முடியாது.

கடைசியில் அந்த இடத்துக்கு வந்தது மாப்பிள்ளை. பெற்றவள் போனால் பால் ஞாபகம் வருகிறது என்று அவளை வேறு அறையில் படுக்கச் சொல்லிவிட்டு ராத்திரிப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு, டம்ளரில் பால் குடித்து, பல் தேய்த்து, பிறகு படுக்கை என்று வரிசையை மாற்றினார்கள். நடுராத்திரி அழுகைக்கு அவர் பால்கனியில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதல் ராத்திரி மூன்று மணி வரை நடந்ததாகக் கேள்வி. என் அண்ணன் இதை நம்பவே இல்லை. அவன் தன் பிள்ளைகளை ராத்திரியில் தூக்கியதாக எனக்கும் ஞாபகமில்லை.

பாட்டிலை விட்டதும் ஒரு தந்திரம் நடக்கப் பார்த்தது. யாரோ பரிசு கொடுத்த சிப்பர் கப், கொட்டாமலிருக்க வால்வு வைத்தது. அதை உறிஞ்ச வேண்டும், படுத்துக்கொண்டே குடிக்கலாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம். கைப்பிடி வைத்த பாட்டில்தான் அது, பெயர்தான் வேறு. ஒரு வாரத்தில் டாக்டரே அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். கொட்டட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்று சின்ன எவர்சில்வர் டம்ளருக்கு வந்துவிட்டார்கள். டைல்ஸ் தரை, துடைப்பது மெழுகுவதைவிட லேசு.

சங்கும் முற்றிலும் போய்விடவில்லை. குறைப்பிரசவக் குழந்தைகள் இருக்கிற வார்டில், இன்னும் சப்பத் தெம்பில்லாத பிஞ்சுக்குத் தாய்ப்பாலைப் பீச்சி எடுத்து, கொதிக்க வைத்த எவர்சில்வர் பாலாடையில் நர்ஸ் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறார். பாட்டிலைவிட அதைக் கழுவுவது சுலபம், கிருமி தங்குவதற்கு மூலைமுடுக்கு இல்லை என்று அம்மாக்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். அண்ணன் மகளுக்கு அவள் தாய்மாமன் போட்ட வெள்ளிச் சங்கு பேங்க் லாக்கரில் இருக்கிறது.

பையன் இப்போது ராத்திரியில் முழித்தால் "தண்ணி" என்கிறான். அதற்கும் அப்பாதான் எழுந்திருக்க வேண்டுமாம், அம்மா கொடுத்தால் வாங்க மாட்டானாம். மாப்பிள்ளை சனி ஞாயிறு மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். மதினி ஊரிலிருந்து போன் பண்ணினால் குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்கிறார்கள்.